பங்கர் மேல் இரண்டடி மண்: கதைத் தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொகுப்பாசிரியர் குழுவினருக்கு,

குண்டு விழும் நகரத்தில் சாதாரண சனங்கள் எப்படி நாளைக் கழித்தார்கள் என்பதைச் சொல்லும் சிறுகதைகளைத் திரட்டி நெல்லையிலிருந்து ஒரு தொகுப்பு கொண்டுவரப் போவதாக அறிவித்தீர்கள். கதைகள் வந்தன, தேர்வும் முடிந்தது. தேர்வானவர்களுக்கு நீங்கள் அனுப்பிய திருத்தக் குறிப்பும், திருத்திய பிரதிகள் சிலவும் எங்கள் பார்வைக்கு வந்தன. அவற்றை வாசித்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

பதுங்குகுழி வெட்டுவது, விளக்கு செய்வது, துணி துவைப்பது மாதிரியான பகுதிகளை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறீர்கள், கதையோட்டம் தடைப்படுகிறதாம். ஈழத்துச் சொற்களை இங்குள்ள வாசகருக்கு ஏற்ப மாற்றச் சொல்லியிருக்கிறீர்கள். ஊர்ப்பெயரும் ஆண்டும் மாதமும் இல்லாவிட்டால் கதை எல்லா ஊருக்கும் பொருந்தும் என்கிறீர்கள். கொழும்பு, ரங்கூன் கதைகளை நம் மண்ணோடு ஒட்டாதவை என்று ஒதுக்கிவிட்டீர்கள். நாலுமே எங்களுக்கு உடன்பாடில்லை. முதலாவதுதான் மற்ற மூன்றுக்கும் தாய் என்பதால் அதையே அதிகம் பேசுகிறோம்.

யாழ்ப்பாணக் கதை ஒன்றில் பங்கர், அதாவது பதுங்குகுழி, வெட்டும் காட்சி முப்பது வரிக்கு மேல் இருந்தது. உங்கள் பிரதியில் அது 'அவசர அவசரமாக ஒரு குழி வெட்டினார்கள்' என்று ஒரே வரியாகிவிட்டது. அந்த முப்பது வரியில் என்ன இருந்தது என்று பாருங்கள்.

ஐந்தாறு பேர் உள்ள வீட்டுக்கு எட்டடி நீளம், நாலடி அகலம், ஐந்தடி ஆழம். மொத்தம் 160 கன அடி மண். செம்மண்ணாக இருந்தால் இரண்டு ஆள் ஒரு நாளில் முடித்துவிடலாம். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அடியில் கிடப்பது சுண்ணாம்புக் கல். பல இடங்களில் இரண்டடி, மூன்றடி போனதுமே கடப்பாறை 'ணங்' என்று சொல்லிவிடும். அதற்குப் பிறகு வாரக்கணக்கு. கல்லை உடைக்க முடியாதவர்கள் பாதியைத் தரைக்குக் கீழேயும் பாதியை மேலேயும் வைத்து, சுற்றிலும் மண்மூட்டை அடுக்குவார்கள். கடற்கரைப் பக்கம் வேறு தொல்லை: மணல் நிற்காது, வெட்ட வெட்டச் சரியும். தேரிக்காட்டில் குழி தோண்டிப் பார்த்த சாத்தான்குளத்து ஆளுக்கு இதை விளக்கவே வேண்டாம். எந்த ஊர், என்ன மண் என்று தெரியாமல் இந்தக் காட்சியை எழுதவே முடியாது. ஊர்ப்பெயரை எடுத்துவிட்டால் மண்ணும் கூடவே போய்விடும்.

அடுத்தது கூரை. 1990க்குப் பிறகு அங்கே பொருளாதாரத் தடை. சிமெண்ட் கிடையாது. இருந்தது பனை. நாலடிக் குழிக்கு நாலடிக் குற்றி (மரத்துண்டு) போட முடியாது. விளிம்பு மண் இடிந்தால் கூரையே தலையில் இறங்கும். இரண்டு பக்கமும் ஒன்றரையடி உட்கார வேண்டும் என்றால் குற்றி ஏழடி. ஓரடி விட்டமுள்ள குற்றியை நெருக்கி அடுக்கினால் எட்டடி நீளத்துக்கு எட்டுக் குற்றி. ஆக ஐம்பத்தாறு அடி வைரம் பாய்ந்த மரம் வேண்டும். அதாவது, நன்கு விளைந்த இரண்டு பனை.

இந்த இடத்தில் நெல்லை வாசகன் நிமிர்ந்து உட்காருவான். பனை காய்க்கப் பதினைந்து இருபது வருசம் ஆகும் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு பனை என்றால் எத்தனை வருச நுங்கு, எத்தனை வருசப் பதநீர், எத்தனை ஓலை என்று மனசுக்குள் கணக்குப் போடுவான். வடலியை, அதாவது இளம்பனையை, வெட்டினால் வைரம் இருக்காது. மரத்தின் அடிப்பாகம் இரும்பு மாதிரி, நுனிக்குப் போகப் போக இளசு. நடுவில் இருப்பது சோறு என்கிற மெத்தென்ற பகுதி. நனைந்தால் முதலில் அழுகுவது அதுதான். பிரதியில் இருந்த 'பனங்குற்றி'யை நீங்கள் 'மரக்கட்டை' ஆக்கியிருக்கிறீர்கள். ஒரே சொல்தான் மாறியிருக்கிறது. ஆனால் இரண்டு பனையும், அவற்றை வெட்டச் சொல்ல மனசு வராமல் முற்றத்தில் நின்ற கிழவரும் சேர்ந்தே போய்விட்டார்கள்.

குற்றிக்கு மேல் இரண்டடி மண். எட்டுக்கு ஏழு, உயரம் இரண்டு: 112 கன அடி. கிட்டத்தட்ட ஐந்து டன். குழியில் எடுத்த மண்ணே இதற்குப் போதும், மிச்சத்தை வாசலில் அடுக்கும் மூட்டைக்கு வைத்துக்கொள்ளலாம். மண்ணுக்கு நடுவே ஒரு தார்ப்பாயைச் சரிவாக விரிக்க வேண்டும். விரிக்காமல் விட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் ஊறிக் கனக்கும், சோறு அழுகிய குற்றி அந்தக் கனத்தில் முறியும். குண்டே விழாமல், மழைக்கு இடிந்த பங்கருக்குள் ஆள் மாட்டிக்கொள்வதற்குக் காரணம் இதுதான். நீங்கள் தேர்ந்தெடுத்த கதையின் முடிவும் அதேதான்! தார்ப்பாய் வாங்கக் காசில்லை என்கிற வரியை வெட்டியதால் அந்தச் சாவு இப்போது 'விதி'யின் தலையில் விழுந்திருக்கிறது.

வாசல் நேராக இருக்கக்கூடாது. இறங்கியதும் ஒரு திருப்பம், எல் வடிவத்தில். சிதறுதுண்டு நேர்கோட்டில்தான் வரும், மூலையில் திரும்பாது. மறு கோடியில் ஆள் நுழையும் அளவுக்கு இன்னொரு பொந்து, ஒன்று அடைபட்டால் மற்றது. இத்தனையும் செய்தாலும் நேரே தலைமேல் விழும் விமானக் குண்டை எந்தப் பனங்குற்றியும் தாங்காது. பங்கர் காப்பது சிதறலிலிருந்தும் அதிர்விலிருந்தும் மட்டும். இது பங்கருக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கே தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நினைப்பைக் காட்ட ஆசிரியர் எழுதியிருந்த இரண்டு வரியையும் காணோம். பாம்பும் தேளும் அவர்களுக்கு முன்பே உள்ளே போய்ப் படுத்திருக்கும் என்ற வரி மட்டும் தப்பியிருக்கிறது. திகிலாக இருக்கிறது என்று விட்டுவிட்டீர்கள்போல.

2009இல் வன்னியில் இதுவும் இல்லை. அங்கே சேலையை வெட்டி மண்மூட்டை தைத்தார்கள். ஐந்தரை மீட்டர் சேலையில், ஒரு மீட்டர் சொச்சத்துக்கு ஒரு துண்டாகக் கிழித்து மடித்துத் தைத்தால் ஐந்து பை. நைலக்ஸ் என்றால் மழைக்கு இற்றுப்போகாது, பருத்தி சீக்கிரம் இற்றுவிடும். பட்டும் போனது, கூறைச் சேலையும் போனது. எந்தச் சேலையை முதலில் எடுப்பது, எதைக் கடைசிவரை ஒளித்துவைப்பது என்று ஒரு பெண் பெட்டியைத் திறந்து யோசிக்கும் பக்கம்தான் வன்னிக் கதையில் ஆகச் சிறந்த பக்கம். அதன் ஓரத்தில் 'தையல் விவரம் தேவையா?' என்று யாரோ பென்சிலால் கேட்டிருக்கிறார்கள். தேவை, ஐயா.

நேரக் கணக்கைச் சொல்லும் பத்திகளையும் வெட்டியிருக்கிறீர்கள். சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மூன்று கிலோமீட்டர் தள்ளி விமானம் கிளப்பும் சத்தம் காதுக்கு வர ஒன்பது நொடி. விசிறி வைத்த விமானம் நொடிக்கு நூறு மீட்டர் வேகத்தில் வந்தால் அந்தத் தூரத்தைக் கடக்க முப்பது நொடி. கேட்டவருக்குக் கையில் இருபத்தொரு நொடி மிஞ்சும். அடுப்பில் தண்ணீர் ஊற்றலாம், கிணற்றடியில் நிற்கும் பிள்ளையைத் தூக்கலாம். கிபிர் மாதிரி ஜெட் நொடிக்கு 250 மீட்டரில் வந்தால் பன்னிரண்டு நொடி, மிஞ்சுவது மூன்று. அடுப்பு எரிந்தபடியே இருக்கும், பிள்ளையை நோக்கி ஓடுவதா பங்கரை நோக்கி ஓடுவதா என்பது மட்டுமே கேள்வி. விமானத்தின் வகை மாறினால் தாயின் முடிவே மாறிவிடுகிறது. இதைத் 'தொழில்நுட்பம்' என்று ஒதுக்கிவிட்டு என்ன உணர்ச்சியைக் காப்பாற்றப் போகிறீர்கள்?

ஆண்டும் இதனால்தான் வேண்டும். 1995 அக்டோபர் 30 இரவு, மழைக்குள், வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்த இடப்பெயர்வைப் பற்றிய கதையில் கிபிர் பறக்கிறது. இலங்கை விமானப்படைக்குக் கிபிர் வந்து சேர்ந்ததே 1996இல்தான். மூலப்பிரதியில் வெறுமனே 'பொம்மர்' (குண்டுவீச்சு விமானம்) என்றுதான் இருந்தது. வாசகருக்குத் தெரிந்த பெயராக இருக்கட்டும் என்று மாற்றியது உங்கள் குழு.

இரண்டாம் உலகப் போர்க்கால இலண்டன் கதையிலும் இப்படி ஒரு கோளாறு. அபாயச் சங்கு ஏறி இறங்கி ஊளையிட்டால் ஆபத்து வருகிறது. ஒரே சுருதியில் நீண்டால் ஆபத்து நீங்கிவிட்டது. திருத்திய பிரதியில் இது தலைகீழாகி, 'நீண்ட சங்கு' கேட்டதும் எல்லாரும் குழிக்குள் ஓடுகிறார்கள். அந்தக் கதையில் வரும் ஆண்டர்சன் தங்குகுழியின் அளவையும் வெட்டிவிட்டீர்கள். நெளிதகடு, ஆறரை அடி நீளம், நாலரை அடி அகலம், நாலடி புதைத்து மேலே 15 அங்குல மண். ஆண்டு வருமானம் 250 பவுனுக்குக் கீழே இருந்தவர்களுக்கு அரசு சும்மா கொடுத்தது, மற்றவர்களுக்கு 7 பவுன். இதை ஒரு பக்கம் வைத்து, தன் பனையைத் தானே வெட்டிக்கொண்ட யாழ்ப்பாணத்து வீட்டை மறுபக்கம் வையுங்கள். ஒரே தொகுப்பில் இரண்டு கதையும் இருப்பதன் பயன் அதுதானே? ஜெர்மானிய முற்றுகையில் இருந்த லெனின்கிராடு கதையில் வானொலியின் தாளக்கருவி மெதுவாக அடித்தால் அமைதி, வேகமாக அடித்தால் தாக்குதல். 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை வேலைக்குப் போகாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நாளைக்கு 125 கிராம் ரொட்டி. நீங்கள் அதைச் 'சிறிதளவு ரொட்டி' என்று மாற்றியிருக்கிறீர்கள். சிறிதளவு என்றால் யாருக்கும் பசிக்காது.

சொற்களுக்கு வருவோம். தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் சவுக்காரத்துக்குப் பதில் பனம்பழம் போட்டுத் துணி தோய்த்தார்கள். பனம்பழச் சாற்றின் கசப்புக்குக் காரணமான சப்போனின் என்னும் பொருள்தான் நுரையும் தருகிறது. காய்ந்த துணியிலும் பழவாசம் போகாது. கொடிப்பக்கம் மாடு வந்து நிற்கும். பனம்பழம் விழுவது ஆவணி, புரட்டாசியில். ஆசிரியரும் ஆவணி என்றுதான் எழுதியிருந்தார். மாதத்தை நீக்கிய கையோடு, முந்தைய காட்சியில் பனங்கிழங்கு அவிப்பதாக ஒரு வரியை நீங்களே சேர்த்திருக்கிறீர்கள். கிழங்கு பிடுங்கும் தை மாதத்தில் பழம் ஏது? உடன்குடியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சிரிக்கும். 'சவுக்காரம்', 'போத்தல்', 'தோய்த்தல்' எல்லாம் இங்கே புரியாது என்கிறீர்கள். 'வடலி' நம் சொல்லும்தான், அவர்கள் சொல்லும்தான். நம் பக்கத்துக் கதையில் 'ஏலே', 'வேய்' என்று வந்தால் மண்வாசனை என்று மெச்சுகிற நாம், கடலுக்கு அந்தப் பக்கத்துப் பேச்சை மட்டும் ஏன் சலவைக்குப் போடுகிறோம்?

ஜாம் போத்தல் விளக்கையும் சொல்லவேண்டும். அடியில் பஞ்சு, அது ஊறுமளவு இரண்டு மூன்று கரண்டி மண்ணெண்ணெய், கம்பியில் சுற்றிய சிறு திரி. பஞ்சு இருப்பதால் சாய்ந்தாலும் எண்ணெய் கொட்டாது. கண்ணாடிக்குள் எரிவதால் காற்றில் அணையாது. பிள்ளைகள் படித்தது அந்த வெளிச்சத்தில். பேட்டரியும் தடைப்பட்டிருந்ததால் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு மின்சாரம் எடுத்தார்கள். டைனமோ தருவது ஆறு வோல்ட் மாறுதிசை மின்சாரம்; அதை ஒரே திசைக்கு மாற்றும் டையோடு நடுவில் இல்லாமல் நேரே கொடுத்தால் ரேடியோ இரையும், பேசாது. சுற்றுபவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் மங்கும். இரவு பிபிசி தமிழோசை முடியும்வரை ஆள் மாற்றி ஆள் சுற்ற வேண்டும். யாருக்குக் கை வலிக்கிறது, யார் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கிறார், எந்தச் செய்தி வந்ததும் சக்கரம் சட்டென்று நின்றது என்பதிலெல்லாம் ஒரு கதாசிரியருக்கு எத்தனை வேலை இருக்கிறது! அதை 'வானொலியில் செய்தி கேட்டார்கள்' என்று முடித்துவிட்டீர்கள்.

கடைசியாக, ஒதுக்கப்பட்ட இரண்டு கதைகள். கொழும்பு நம் மண்ணோடு ஒட்டாத ஊரா? தூத்துக்குடியிலிருந்து நேர்கோட்டில் சென்னைக்கு இருக்கும் தூரத்தில் பாதிதான் கொழும்புக்கு. கடை வைக்கவும் கணக்கெழுதவும் நெல்லைச் சீமையிலிருந்து அங்கே போன குடும்பங்கள் எத்தனையோ. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். அந்த மாதமே சென்னை காலியானது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சிசாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். தமிழ்நாட்டுக்கு வான்தாக்குதல் பயம் தெரியாது என்று இதற்குப் பிறகும் எப்படிச் சொல்வது?

ரங்கூன் கதை இன்னும் முக்கியமானது. 1941 டிசம்பர் 23இல் முதல் தாக்குதல் வந்தபோது சனங்கள் ஓடி ஒளியவில்லை, விமானச் சண்டையை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்தார்கள். சாவு அத்தனை கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். அதன்பின் துறைமுகக் கூலிகளும் தோட்டிகளும் சமையற்காரர்களும் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். பெரும்பாலோர் தெலுங்கரும் தமிழரும் ஒரியரும். கப்பலில் சரக்கு இறங்கவில்லை, குப்பை அள்ள ஆளில்லை. கட்டடம் நின்றபடி நிற்க ஊர் நின்றுபோனது. லட்சக்கணக்கானவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே இந்தியாவுக்குத் திரும்பினார்கள். உங்கள் தொகுப்பின் தலைப்பு 'நகரம்' என்றால், நகரத்தை நகர்த்தும் கைகள் எவை என்று காட்டும் ஒரே கதை இது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள். தொகுப்பை இந்த வடிவில் அச்சுக்கு அனுப்பாதீர்கள். வெட்டிய பகுதிகளை ஆசிரியர்களிடம் திருப்பிக் கொடுத்து, எதை வைப்பது எதை விடுவது என்ற கடைசி முடிவை அவர்களிடமே விடுங்கள். நீளம்தான் சிக்கல் என்றால் பக்கத்தைக் கூட்டுங்கள். முடியாவிட்டால் கதைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், ஒரு கதைக்குள் கை வைக்காதீர்கள். ஈழத்துச் சொற்களை எழுதியபடியே அச்சிடுங்கள். அடிக்குறிப்பும் வேண்டாம், கதையின் போக்கில் பொருள் விளங்கும். ஊர், ஆண்டு, மாதம் மூன்றையும் திரும்பச் சேருங்கள். கிபிர், சங்கு, பனங்கிழங்கு ஆகிய மூன்று பிழையும் உங்கள் திருத்தத்தில் வந்தவை என்பதால் அவற்றை நீங்களே சரிசெய்து எழுதியவர்களுக்குத் தெரியப்படுத்துங்கள். மெய்ப்புப் பார்க்கும்போது யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ அந்த ஆண்டுகளில் இருந்த ஒருவரையும், பனை தெரிந்த ஒருவரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாமவருக்கு நெல்லையில் பஞ்சமில்லை. கொழும்பு, ரங்கூன் கதைகளை மறுபடி பரிசீலித்து, வேண்டாம் என்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

ஆசிரியர்களுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் கெடு இந்த மாதக் கடைசி. அதற்கு முன்பே பதில் வேண்டும். முப்பது வரியை ஒரு வரியாக்கிய அந்தப் பங்கர் பக்கத்தை முதலில் எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையில் மாதந்தோறும் கூடி வாசிக்கும் வாசகர்கள்